திருவுள்ளமும் துணிவும்: கோளறு பதிக வரலாறு பற்றிய ஓர் ஆராய்ச்சி

சிவபெருமான்பால் மெய்யன்பு பூண்டவர்கள், உலகத்தார் அஞ்சி விலகும் அருஞ்செயல்களிலே தலைப்படுதலும், அவற்றின் பயனை அப்பெருமானிடத்தே ஒப்புவித்து அமைதலும் திருத்தொண்டர் புராணத்திற் பலவிடத்துங் காணப்படுவனவாம். அமர்நீதி நாயனார் மனைவியாரோடும் மைந்தரோடும் துலைத்தட்டில் ஏறினார். நமிநந்தியடிகள் திருவாரூரிற் குளத்து நீரை முகந்து விளக்கெரித்தார். தண்டியடிகள் கண்ணிலராகவே கயிற்றைத் தடவிச் சென்று குளங்கல்லினார். இவை போல்வனவற்றை ஓதி உள்ளங் குழைகின்ற நாம், இவர்தந் துணிவின் இயல்பு யாது, அது எதனைப் பற்றுக்கோடாக உடையது என ஆராய்தல் ஒருதலையாக வேண்டப்படும். ஆராயாக்கால், அன்பென்று மயங்கி முனைப்பையும், அடக்கமென்று மயங்கி அச்சத்தையும் நாம் போற்றிவிடல் கூடும்.

இத்துணிவு பற்றி நம்மவருள் இருதிறக் கொள்கைகள் வழங்குகின்றன. இறைவனை நம்பித் துணிந்தார்க்கு அவர் கருதிய பயன் தவறாது கைகூடும். அங்ஙனங் கைகூடுமென்னும் உறுதியே நம்பிக்கையாவது என்பார் ஒருசாரார். கோளறு பதிகத்தை ஓதிப் புறப்பட்டார்க்கு யாதோர் இடையூறும் வாராது என்று பேசப்படுவதும் இக்கொள்கை பற்றியே. மற்றொரு சாரார், அத்துணிவு திருஞானசம்பந்த சுவாமிகள் போன்ற அருட்பிறப்பினர்க்கே உரியது. ஏனையோர்க்கு முன்பின் பார்த்து அஞ்சி ஒழுகுதலே நெறி. அச்சுவாமிகளை நோக்கித் திருநாவுக்கரசு சுவாமிகளே கோள்நிலை காட்டித் தடுத்தனரன்றோ என்பர். இவ்விரு கொள்கைகளும் தம்முள் மாறுபட்டனவாகத் தோன்றினும், இரண்டும் ஒரே நிகழ்ச்சியைச் சான்று காட்டுகின்றன. ஆகலின் அந்நிகழ்ச்சியைச் சேக்கிழார் பெருமான் அமைத்துக் காட்டும் முறையிலேயே முன்பின்னாக வைத்து நோக்குவாம்.

நிகழ்ச்சி தொடங்குமிடம் திருமறைக்காடு. வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்டுச் சென்ற கதவு நெடுங்காலம் அடைபட்டிருக்க, பிள்ளையார் வேண்டிக்கொண்டபடி அரசுகள் திருப்பதிகம் பாடுகின்றார். கதவு உடனே திறந்திலது. பதிகம் நிறைவெய்தும் வரையும் தாழ்த்தே திறந்தது. பின்னர் அரசுகள் வேண்டப் பிள்ளையார் அடைக்கப் பாடினார். முதற்றிருப்பாட்டிலேயே கதவு அடைபட்டது. அடியார் கூட்டம் மகிழ்ந்தது. அரசுகளோ மகிழ்ந்திலர். தாம் பாட அரிதிற் றிறந்ததனையும், பிள்ளையார் பாட எளிதின் அடைத்ததனையும் நினைந்து, பெருமானது திருவுள்ளத்தை அறியாது அயர்த்தேனே என்று கவன்று, அஞ்சித் திருமடத்தின் ஒருபுறத்தே துயில்கொண்டார் என்கின்றது புராணம்.

இவ்விடத்தில் அரசுகளின் கவலை யாது பற்றியது என்பதை உற்றுணர்தல் வேண்டும். பிள்ளையார்க்கு எளிதாயது தமக்கு அரிதாயிற்றே என்னும் அழுக்காறு அன்று. அஃது அவர்பால் அணுகுவதொன்றன்று. கதவு திறந்துவிட்டது, எண்ணியது முடிந்தது. முடிந்த பின்னும் அவர் கவல்கின்றார். செயல் நிறைவேறிற்றா என்பது அவரது வினாவன்று. அச்செயல் இறைவன் திருவுள்ளத்தோடு ஒத்ததா என்பதே வினா. பயன் கைகூடுதலே துணிவின் செம்மைக்கு அளவை எனின், அரசுகள் கவல்வதற்கு இடமேயில்லை. ஆகவே, முதற்சாரார் கொள்கை இத்தலத்திலேயே தளர்ந்துவிடுகின்றது.

அதே திருமறைக்காட்டிற்றான் பாண்டிமாதேவியாராகிய மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் விடுத்த ஏவலர் வந்து பிள்ளையாரைப் பணிகின்றனர். பிள்ளையார் மதுரைக்கு எழத் துணிகின்றார். அப்பொழுது அரசுகள், சமணர் செய்யும் வஞ்சனைக்கு ஓர் எல்லையில்லை என்றும், கோள்களின் நிலையும் தீயவென்றும், ஆகலின் இப்பொழுது எழுந்தருளல் தகாதென்றும் உரைக்கின்றார். பிள்ளையார், நாம் பரவுவது நம்பெருமான் திருவடிகளே யாயின் நம்மைத் தீங்கு அணுகாது என விடைகூறிக் கோளறு பதிகத்தை அருளிச்செய்கின்றார்.

இதுகொண்டு அரசுகள் அஞ்சினார் எனவும், அவர் நம்பிக்கை பிள்ளையார் நம்பிக்கையினுங் குறைந்தது எனவும் கூறுதல் பொருந்துமோ? பொருந்தாது. ஏழு நாள் நீற்றறையிற் கிடந்தவர் அவர். நஞ்சு கலந்த பாலடிசிலை உண்டவர் அவர். மதயானையின் முன்னே அஞ்சாமையைப் பாடி நின்றவர் அவர். கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்டுத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையேறியவர் அவர். இத்துணையும் தம்முடம்பிற் பட்டவர் அஞ்சினார் என்பது கூடாதாம். அற்றேல், தடுத்தது என்னை? தமக்கு வந்தபோது எதனையும் மறுத்திலர். பிள்ளையார்க்கு வருமோவென எண்ணியபோது பொறுத்திலர். தன்னுயிரைத் தருதல் அன்புடையார்க்கு எளிது; தான் அன்புசெய்யும் பொருளை இடருக்குள் விடுதலே அரிது. ஆகலின் அரசுகளின் தடை அச்சத்தின் விளைவன்று, அன்பின் விளைவேயாம்.

இதற்குச் சான்று அடுத்த நிகழ்ச்சியிலேயே உளது. பிள்ளையார் போதல் உறுதியென்று கண்டவுடன் அரசுகள் தாமும் உடன்செல்லத் துணிகின்றார். அஞ்சினவர் உடன்செல்ல எழுவாரோ? பிள்ளையார் அதற்கு இசையாது, கைகுவித்து இறைஞ்சி, இச்சோழநாட்டிலேயே எழுந்தருளியிரும் என விலக்குகின்றார். அரசுகளும் அரிதின் உடன்படுகின்றார். முன்னர் மூத்தவர் இளையவரைத் தடுத்தார். இப்போது இளையவர் மூத்தவரைத் தடுக்கின்றார். இருவருள் ஒருவரும் மற்றவரைத் தம் துணிவிற்குப் பொருளாக வைத்திலர். தன்னைத் தருவது துணிவு. பிறரைத் தந்து தான் துணிந்ததாகக் கருதுவது துணிவாகாது என்பது இதனாற் பெறப்படும். அமர்நீதியார் துலையேறிய இடத்தை இதற்கு மாறென நினையற்க. ஆண்டுப் பிறரை மட்டும் ஏற்றித் தாம் கீழே நின்றாரல்லர், தாமும் உடனேறினார். தம் அடிமைத்திறத்திற் பிழையில்லையாயின் துலை நேர்நிற்க என்று அவர் கூறியதும் இறைவனைச் சோதித்தவாறன்று. தம்மையே சோதனைக்கு உட்படுத்தியவாறாம்.

இனி, கோளறு பதிகத்தின் கருத்தை நோக்குவாம். இரண்டாந் திருமுறையில் 85-ஆம் பதிகமாக அமைந்துள்ள இது, கோள்களும் நாள்களும் கொடுநோய்களும் விலங்கும் பூதமும் முதலாயின அடியார்க்கு நல்லனவேயாம் எனப் பாட்டுத்தோறும் முடிகின்றது. அதற்கு அது காட்டும் ஏது யாது? பெருமான் ஏற்கெனவே உள்ளத்துட் புகுந்துள்ளான் என்பதே ஏது. பதிகம் ஓதுதலால் இனி வந்து காப்பான் என எதிர்காலத்து வைத்து ஓதாது, புகுந்தான் என இறந்தகாலத்து வைத்து ஓதியதனைக் கருதுக. காவல் என்பது இனி வரவேண்டிய பயனன்று. முன்னரே வந்துவிட்ட உறவு. அவ்வுறவு உளதாயின் யாது நேரினும் நன்று. அஃதிலதாயின் கோள்நிலை எத்துணை நல்லதாயினும் பயனின்று. கோள்கள் இல்லாதொழியும் எனவும், புலி எதிர்ப்படாது எனவும் பதிகம் கூறிற்றில்லை. எதிர்ப்பட்டவை நல்லனவாம் என்றே கூறிற்று.

இப்பதிகத்திலேயே இலங்கை வேந்தனும் நினைக்கப்படுகின்றான். அவனும் பெருந்துணிவுடையான். கயிலையைப் பெயர்க்கத் தோள்கொடுத்தவன் துணிவிலன் எனல் யார்க்கும் ஒல்லாது. ஆயின் அவன் துணிவு தன் வழியைத் தடுத்த மலையை நோக்கியதேயன்றி, அம்மலைமேல் வீற்றிருந்தான் திருவுள்ளத்தை நோக்கியதன்று. நெரிந்து பாடிய பின்னரே அவனுக்கு அருள் கிடைத்தது. வலிமையும் அஞ்சாமையும் மட்டும் சிவநெறித் துணிவாகா என்பதற்கு இவனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

பதிகம் ஓதினார்க்கு இடையூறே வாராது என்பாரை இனி வினவுவாம். பிள்ளையார் மதுரையடைந்த அன்றிரவே, அடியார்களோடு தங்கிய திருமடத்திற்குத் தீயிடப்பட்டது. அரசுகள் உரைத்த வஞ்சனை உரைத்தபடியே நிகழ்ந்தது. அற்றாக, தீங்கு அணுகாது என்ற பிள்ளையார் திருவாக்குப் பொய்த்ததோ? பொய்த்திலது. தீ வந்தது, தீமை வந்திலது. பிள்ளையார் அதனை அரசன் முறைபிழைத்ததன் விளைவென்று கொண்டு அவன்பாற் செல்ல விடுத்தார். விடுத்தவிடத்தும் மெல்லச் செல்க எனப் பணித்தார். அம்மென்மைக்குச் சேக்கிழார் காரணங்கள் பல அடுக்குகின்றார். தேவியாரது மங்கலநாண் காக்கப்படல் வேண்டும். குலச்சிறையாரது அன்பு போற்றப்படல் வேண்டும். அரசன்பாற் குற்றம் உளதாயினும், அவன் மீண்டு சிவநெறி யடையும் ஊழுடையான். பிள்ளையார் திருக்கையால் நீறு பூசப்பெறும் பேறும் உடையான். தம்மைச் சுட வந்த தீயை ஏந்திநின்ற கணத்திலும், எதிரியின் இல்லத்தையும் அவன் எதிர்காலத்தையும் எண்ணிய உள்ளம் அது. துணிவென்பது கண்மூடித்தனமன்று என்பது இதனால் விளங்கும்.

இவற்றினும் தலையாயது ஒன்று உளது. அரசனை வெப்புநோய் பற்றிய பின்னர்த் தேவியாரும் அமைச்சரும் வந்து வேண்ட, பிள்ளையார் அரண்மனைக்கு நேரே சென்றிலர். முன்னர்த் திருவாலவாய்த் திருக்கோயிலுக்குச் சென்றார். சென்று, வாதஞ்செய்தற்குப் பெருமானது திருவுள்ளம் உண்டோவென வினவினார். மூன்றாந் திருமுறையில் 47-ஆம் பதிகமும் 108-ஆம் பதிகமும் இவ்விண்ணப்பங்களாம். பாட்டுத்தோறும் வினாவே பயின்று வருதல் காண்க. தமக்கு வெற்றி வேண்டுமென்று அவர் கேட்டாரல்லர். இறைவனது சீர்த்தி நிலவுலகில் ஓங்குதலையே வேண்டினார்.

திருமறைக்காட்டிற் கோள்நிலையைக் கேட்டு ஒரு கணமும் தயங்காதவர், மதுரையிற் பெருமான் திருமுன்பு நின்று இசைவு கேட்கின்றார். இவை முரணல்ல, ஒரு துணிவின் இரண்டு முகங்களே. கோளுக்கு அஞ்சாமையும் திருவுள்ளத்துக்கு அஞ்சுதலும் ஒருங்கே உடையதுதான் சிவநெறித் துணிவு. திருவுள்ளம் அறியாது அயர்த்தேனே என்று திருமறைக்காட்டில் அரசுகள் கவன்ற கவற்சியும், திருவுள்ளம் யாதென்று திருவாலவாயிற் பிள்ளையார் வினவிய வினாவும் ஒரே நிலையின. ஒருவர் செயலின் பின்னர் அஞ்சினார்; மற்றவர் செயலின் முன்னர் வினவினார். இருவரையும் உயர்வு தாழ்வு கூறிப் பிரிப்பாரது கூற்று இவ்விடத்து நில்லாதொழிகின்றது.

அனல்வாதத்திலும் புனல்வாதத்திலும் இவ்வியல்பே தொடர்கின்றது. அனலில் இடுதற்கு ஏடு தேர்ந்தபோது, இது வல்லது, இதுவே வேகாது என ஒன்றைப் பிள்ளையார் தெரிந்தெடுத்தாரல்லர். திருமுறைச் சுவடியை அவிழ்த்தார், திருநள்ளாற்றுப் பதிகம் நேர்ந்தது, நேர்ந்ததனையே ஏற்றார். முடிவை ஒப்புவித்தவர் தொடக்கத்தையும் ஒப்புவித்தார். திருமுறையிற் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கிற்கு இதனை மூலமாகக் கூறுவர். அவ்வழக்குடையார் ஒன்றை நினைத்தல் வேண்டும். பிள்ளையார் தமக்கு உவந்தது வரும்வரை மீட்டும் மீட்டும் சுவடியை அவிழ்த்தாரல்லர்.

புனல்வாதத்திற்கு முன், தோற்றார்க்குச் செய்யத்தக்கது யாதென்னும் பேச்சைக் குலச்சிறையார் எடுக்க, வெகுளியால் வாய்சோர்ந்து கழுவேறுதலைச் சொன்னவர் சமணரே எனப் புராணங் கூறும். பிள்ளையார் வைத்தது ஏடு ஒன்றே. உயிரைப் பந்தயமாக்கிய சொல் அவர் திருவாயிற் பிறந்திலது. பின்னர் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் கழுவேற்றத்தை அவர் ஏவினார் எனச் சேக்கிழார் கூறவில்லை. விலக்கினார் எனவும் கூறவில்லை. அது வரலாற்றில் நிகழ்ந்ததோ என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமித்த கருத்தினரல்லர். எங்ஙனமாயினும், அதனை நமது வெற்றி முழக்கமாக எடுத்தாளுதல் தகாது. பயனை இறைவன்பால் வைத்தவர்க்குப் பிறர் வீழ்ச்சியிற் களிப்பு யாங்ஙனம் உளதாம்?

வைகையில் இட்ட ஏட்டில் எழுதியது திருப்பாசுரம். அது வையகத்தார் துயர் நீங்குக என வாழ்த்துவது. வேந்தனும் உயர்க என வாழ்த்துவது. ஏடு நீரை எதிர்த்துச் செல்லக் குலச்சிறையார் குதிரைமேற் பின்தொடர்ந்தார். அது திருவேடகத்தே நின்றது. வாதத்தில் வேண்டப்பட்டது இத்துணையே. ஆயின், வேந்தனை வாழ்த்திய அவ்வாழ்த்தினாற் கூன்பாண்டியன் கூன் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறன் ஆயினான். அதனை யாருங் கேட்டிலர். வாதத்தின் நிபந்தனையிலும் அது இல்லை. பயனை இறைவனிடம் வைத்தலின் சிறப்பு இதுவேயாம். நாமே பயனை வரையறுத்தால் நாம் எண்ணிய அளவே கிடைக்கும், அதுவுங் கிடையாதொழியும். அவன்பால் வைத்தால் நாம் கேட்கவும் அறியாதது கிடைக்கும்.

இவ்விடத்து ஒரு தடை எழும். பிள்ளையார்க்கு எல்லாம் இனிது முடிந்தமையால் இங்ஙனங் கூறல் எளிது. முடியாதார்க்கு என் சொல்வது? விடை கூறுதும். திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனார் திருவேடத்தை மெய்யென நம்பினார். முத்தநாதன் வாளாற் பட்டார். பட்டவிடத்தும் தத்தனைத் தடுத்து, தம்மைக் குத்தியவனை ஊறின்றி ஊர்ப்புறத்தே கொண்டுபோய் விடும்படி பணித்தார். ஏனாதிநாத நாயனார் பகைவன் நெற்றியில் நீறு கண்டு போரொழிந்தார். படையிலானைக் கொன்றான் என்னும் பழி அவனைச் சேரலாகாதென்று வாளும் பலகையும் கைவிடாது எதிர்ப்பார் போல நின்று உயிர் துறந்தார். உலகியலளவிற் பார்ப்பின் இவர் துணிவு தோற்றது. நம் ஆசிரியரோ இவரையும் பிள்ளையாரையும் ஒரே திருத்தொண்டர் வரிசையில் வைத்துத் தொழுகின்றார். அவர்க்கு அளவை பயனன்று, அன்பேயென்பது இதனால் தெற்றென விளங்கும்.

மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரத்தால் உணர்த்தியதும் இதுவே. உயிர் முதல்வனோடு ஒற்றித்து நின்று இறைபணியில் வழுவாது நிற்குமாயின், மலமும் மாயையும் வினையும் அதனைத் தாக்கா என்பது அச்சூத்திரத்தின் கருத்து. ஈண்டு இரண்டு கூறுகள் உள. இறைபணி என்பதனால், செயலின்றி வாளாவிருத்தல் விலக்கப்பட்டது. ஆகலின் அச்சத்தால் ஒடுங்குவார்க்கு இஃது அரணாகாது. ஒற்றித்து நிற்றல் என்பதனால், யான் செய்தேன் என்னும் தற்போதம் விலக்கப்பட்டது. ஆகலின் முனைப்பால் பாய்வார்க்கும் இஃது அரணாகாது. யான் நம்பினேன், ஆகவே அவன் தந்தே தீரல் வேண்டும் என்பான், நம்பிக்கையின் பெயரால் இறைவனைத் தனக்கு ஏவலாளனாக்க முயல்கின்றான். அவன் ஒப்புவித்ததொன்றுமில்லை, கடன் கொடுத்தவன்போற் கணக்கு வைத்துள்ளான். தக்கன் வேள்வி அன்பின்மையால் தீதாயதும், சண்டேசுரர் செயல் அன்பினால் அறமாயதும் சிவஞான சித்தியார் எடுத்துக்காட்டியனவன்றோ?

அற்றேல், தீக்கையும் ஓதலும் அளவில் உடைய நம்மனோர் இத்துணிவை எங்ஙனம் பின்பற்றுவது? பிற்காலத்தார் ஒருவரைக் கருதுவாம். யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-இல் தோன்றிய ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரது பாடசாலையில் ஆசிரியராக இருந்து ஊதியம் பெற்றுவந்தார். 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அவ்வூதியத்தை விடுத்தார். இல்லறத்தையும் மேற்கொண்டிலர். 1849-இற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரங் கொண்டு வந்தார். 1864-இற் சிதம்பரத்திலும் வித்தியாசாலை நிறுவினார். 1879-இற் சிவபதமடைந்தார். அவர் பதிப்பித்த நூல்களையும் எழுதிய வசன நூல்களையும் இன்றும் நாம் கையிற்கொண்டு ஓதுகின்றோம். ஊதியத்தை விடுத்த அந்நாளில் இவற்றுள் ஒன்றும் அவர் கையில் இல்லை. கையில் இருந்தது செய்யவேண்டிய பணி ஒன்றே.

ஆகவே, ஓர் அருஞ்செயலில் இறங்குமுன் அன்பர்கள் கோளைக் கேட்பதற்கு முன்னர்த் தம் உள்ளத்தைக் கேட்பாராக. இப்பணிக்கு நம்மை அழைத்தது பிறரது குறையோ, நமது பெருமையோ? இடரைத் தாங்குவது நாமோ, நம்மை நம்பியவரோ? திருமுன்பு நின்று இசைவு கேட்டோமோ, அல்லது முடிவு செய்துவிட்டு வாழ்த்துக் கேட்கின்றோமோ? எண்ணியது நிகழாதாயினும் இது செய்யத்தக்கதே என்று சொல்ல மாட்டுவோமோ? இவற்றிற்கு நேர்மையாக விடை கூறவல்லார் பின்னும் தயங்குவாராயின், அத்தயக்கம் அடக்கமன்று. கூற இயலாதார் விரைவாராயின், அவ்விரைவு அன்பன்று. பாண்டிநாட்டு வழியிற் பிள்ளையார் ஏறிச்சென்றது முத்துச்சிவிகை. அதனினும் உறுதியாக அவரைத் தாங்கியது உள்ளத்துட் புகுந்த பெருமானது திருவருளேயாம்.

திருச்சிற்றம்பலம்